ஐம்பது ஐஎஸ்ஓவில் ஒரு ரோல்

பான் எஃப் பிளஸ் என்பது இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 50 கருப்பு வெள்ளை ஃபிலிம்; ஐஎஸ்ஓ எண் குறையக் குறைய ஃபிலிம் மெதுவானது, அதாவது கூடுதல் வெளிச்சம் கேட்கும். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்: படத்தில் கிரெய்ன், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், தெரியக் கூடாது. கழுவிப் பார்த்தால் கிரெய்ன் தெரிவதில்லைதான். ஆனால் படம் கூர்மையாக இல்லை, நிழலில் ஒன்றுமே இல்லை, வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. 'இந்த ஃபிலிம் சரியில்லை' என்று சொல்லிவிட்டு மறுபடி 400க்குத் திரும்பிவிடுகிறார்கள். ஃபிலிம் நல்ல ஃபிலிம்தான். கை நடுக்கம், குறைவான எக்ஸ்போஷர், டெவலப்பரில் (பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலில்) கூடுதல் நேரம் – இந்த மூன்றையும் 400 ஃபிலிம் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும். ஐம்பது விடாது.

காரணம் படிகத்தில் இருக்கிறது. ஃபிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்புப் படிகம் சின்னதாக இருந்தால் அதன்மேல் விழும் ஒளியும் குறைவு. அதனால்தான் வேகம் குறைவு. மெதுவான ஃபிலிமில் படிகங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். குறிப்பிட்ட வெளிச்சம் வந்ததும் எல்லாம் சேர்ந்தாற்போல் கருக்கத் தொடங்கும். 400 ஃபிலிமில் பெரிசும் சிறிசும் கலந்திருப்பதால் பெரியவை முடித்த இடத்தில் சிறியவை தொடரும். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஐம்பதில் அப்படிச் சமாளிக்கும் இடம் குறுகலானது. காண்ட்ராஸ்ட் ஏறுவதும், எக்ஸ்போஷரில் கவனம் தேவைப்படுவதும் இதனால்தான்.

எந்த ஃபிலிம் என்ற பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிரெய்ன் குறைய வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் கோடாக் டி-மேக்ஸ் 100 அல்லது இல்ஃபோர்டு டெல்டா 100 போதும். தட்டைப் படிகத் தொழில்நுட்பத்தால் அவற்றின் கிரெய்ன் பான் எஃப்புக்கு இணையாகவே நிற்கும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் மிச்சம் (வெளிச்சம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்). ரோலை ஆர்பிஎக்ஸ் 25 இன்னும் மெதுவானது. அடாக்ஸ் சிஎம்எஸ் 20 ஆவணங்களைப் படமெடுக்கும் வகையைச் சேர்ந்த ஃபிலிம். அதற்கென்றே விற்கும் டெவலப்பர் இல்லாமல் கழுவினால் கருப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும், நடுவில் சாம்பலே இருக்காது. அது முதல் ரோலுக்கு ஆகாது. பான் எஃப்பை நான் சொல்வது அதன் நடுச்சாம்பல்கள் அழகாகப் பிரிவதற்காக. கல், மரப்பட்டை, நெய்த துணி, வயதானவர்களின் கை – இப்படி மேற்பரப்பே விஷயமாக இருக்கும் படங்களுக்கு அது தனி.

ரோல் போடும்போதே ஒரு தப்பு நடக்கும். கேமரா ஃபிலிம் டப்பாவில் அச்சிட்டிருக்கும் வேகக் குறியீட்டை, அதாவது டிஎக்ஸ் கோடை, படிக்கும் வகையா, கையால் ஐஎஸ்ஓ வைக்கும் வகையா என்று பாருங்கள். சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்கள் சிலவற்றுக்கு 100, 400 இரண்டுதான் தெரியும். ஐம்பதைப் போட்டால் நூறு என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் முழு ரோலும் ஒரு ஸ்டாப் குறைவாகப் பதிவாகும். கையால் வைக்கும் கேமராவில் 50 என்று வைக்காமல் 32 என்று வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 50 பொய் இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் நிழல் அத்தனை கருப்பாக விழுகிறது. 32 வைத்துக் கூடுதல் வெளிச்சம் கொடுத்து, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் நிழலும் வரும், வெளிச்சமும் கட்டுக்குள் இருக்கும்.

வெளிச்சக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ 50க்கு அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 16, ஷட்டர் 1/60 நொடி. அதையே எஃப் 8, 1/250 என்று எடுக்கலாம், அதுதான் சௌகரியம். கனத்த மேகமூட்டம் என்றால் எஃப் 5.6, 1/60. திறந்த நிழலில், அதாவது தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ, எஃப் 4, 1/60. வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் எஃப் 2, 1/15க்கு வந்துவிடும். அங்கே முக்காலி இல்லாமல் ஆகாது. ஃபில்டர் போட்டால் இன்னும் இறங்கும். மஞ்சள் ஒரு ஸ்டாப், ஆரஞ்சு சுமார் இரண்டு, சிவப்பு மூன்று. சிவப்பு ஃபில்டரோடு பான் எஃப் என்பது ஐஎஸ்ஓ 6 ஃபிலிம். நல்ல வெயிலிலேயே எஃப் 8, 1/30. மேகம் பிதுங்கி நிற்கும், உண்மைதான். கூடவே நிழல்களும் அடியோடு போகும். திறந்த நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம், சிவப்புக் கண்ணாடி நீலத்தைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே காண்ட்ராஸ்ட் கூடிய ஃபிலிமுக்கு மஞ்சளே போதும்.

இனி நடுக்கம். '50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/60 போதும்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது ஆல்பத்தில் ஒட்டும் அஞ்சலட்டை அளவு பிரிண்டுக்கான கணக்கு. ஐம்பது ஃபிலிம் வாங்கியதே பெரிதாக்கத்தான்; பெரிதாக்கும்போது நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 400 ஃபிலிமில் அந்தச் சின்ன நடுக்கத்தைக் கிரெய்ன் மறைத்துவிடும். இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. கையில் பிடித்து எடுப்பதென்றால் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/250க்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் கீழே முக்காலி.

முக்காலி வைத்தும் படம் அசைந்திருக்கிறது என்பவர்கள் உண்டு. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் கண்ணாடி மேலே அடிக்கும் அதிர்வு அடங்க ஒரு கணம் ஆகும். ஷட்டர் 1/4 முதல் 1/30 வரை இருக்கும்போது அந்த அதிர்வு எக்ஸ்போஷரின் பெரும்பங்கைத் தின்றுவிடும். பல நொடி திறந்திருந்தால் அதிர்வு நேரம் மொத்தத்தில் துளிதான், தெரியாது. 1/250இல் அதிர்வு பரவுமுன் ஷட்டர் மூடிவிடும். நடுவில் இருக்கும் வேகங்கள்தான் ஆபத்து. கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். நிக்கான் எஃப்எம்2, எஃப்இ2 போன்றவற்றில் அதற்கெனத் தனி பொத்தான் இல்லை, ஆனால் செல்ஃப் டைமரைப் போட்டால் கண்ணாடி முதலிலேயே ஏறிவிடும், ஷட்டர் சில நொடி கழித்துத்தான் திறக்கும். கேபிள் ரிலீஸை விறைப்பாக இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக விடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது பாய்மரம் மாதிரி வேலை செய்யும்.

அப்பர்ச்சரை எஃப் 16, 22 என்று அடைப்பதும் கூர்மையைக் கொல்லும். எஃப் 16இல், சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், ஒரு புள்ளி சுமார் 0.02 மி.மீ. வட்டமாகப் பரவுகிறது. எஃப் 5.6இல் அது 0.0075 மி.மீ.தான். 35 மி.மீ. கேமராவில் எஃப் 5.6க்கும் எஃப் 8க்கும் நடுவில் இருங்கள். ஆழம் போதவில்லை என்றால் மட்டும் எஃப் 11.

அளப்பதற்கு மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லும் அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் நேராக அதன்மேல் விழும். உருவங்கள் தட்டையாகத் தெரியும். பதினொரு மணிக்குமேல் வெயில் பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு உளிக்கோடும் எழும். பிற்பகலில் பாறையே தன் நிழலில் போய்விடும். ஆக, எடுக்க வேண்டியது அந்தப் பதினொரு மணி வெயிலில்.

பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் நிற்கும் இடம் நல்ல நிழல். அங்கே குட்டிகள் தெரிய வேண்டும், அதே சமயம் அது நிழல் என்றும் தெரிய வேண்டும். ஐஎஸ்ஓ 32 வைத்து அந்த நிழலை மட்டும் அளக்கிறீர்கள். கேமரா எஃப் 5.6, 1/15 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் எதை அளந்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும்; அதை அப்படியே எடுத்தால் நிழல் நடுச்சாம்பலாகிவிடும், மற்றதெல்லாம் வெளுத்துவிடும். இரண்டு ஸ்டாப் குறையுங்கள்: எஃப் 5.6, 1/60. இப்போது வெயில் பட்ட யானை முதுகை அளந்தால் 1/500 என்று காட்டுகிறது. நாம் எடுக்கப்போகும் 1/60, அதைவிட மூன்று ஸ்டாப் அதிகம். அதாவது முதுகு கிட்டத்தட்ட வெள்ளையாகும், ஆனால் கல்லின் சொரசொரப்பு மிஞ்சும் எல்லையில் நிற்கும். அந்த எல்லையைத் தாண்டவிடாமல் பிடிப்பது கழுவும்போது செய்ய வேண்டிய வேலை, அதற்கு வருகிறேன். இந்த இரண்டு அளவையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் அளக்க முடியாத இடத்தில் 135 மி.மீ. லென்ஸை மாட்டி அளந்துவிட்டு, மறுபடி சாதாரண லென்ஸுக்கு மாறலாம். மாமல்லபுரம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டியிருக்கும். அது இல்லையென்றால் அதே எக்ஸ்போஷருக்கு எஃப் 2.8, 1/250, 50 மி.மீ. லென்ஸோடு பத்து மீட்டர் தள்ளி நின்றால் படத்துக்குள் வரும் பாறை முழுவதும் ஃபோகஸில் இருக்கும்.

ஒரு நொடிக்குமேல் போகும் எக்ஸ்போஷர்களுக்குத் தனிக் கணக்கு. வெளிச்சம் மிகக் குறையும்போது ஃபிலிம் சோம்பிவிடும். இல்ஃபோர்டு தரும் சூத்திரப்படி, பான் எஃப் பிளஸுக்கு அளந்த நொடியை 1.33 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீட்டர் 2 நொடி சொன்னால் இரண்டரை, 4 நொடிக்கு ஆறேகால், 10 நொடிக்கு 21, 30 நொடிக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நிமிடம் சொன்னால் ஏறக்குறைய நாலு நிமிடம். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி கேமராப் பைக்குள் ஒட்டிவிடுங்கள்.

எடுத்த ரோலை அலமாரியில் போட்டு மறந்துவிடுவது இந்த ஃபிலிமுக்கு ஆகாது. பதிந்த ஒளியடையாளம் கழுவும்வரை மெல்ல மங்கிக்கொண்டே வரும். பான் எஃப்பில் அது கொஞ்சம் வேகம். எடுத்து மூன்று மாதத்துக்குள் கழுவச் சொல்வது இல்ஃபோர்டே. முதலில் போவது நிழல், அதாவது பாடுபட்டு அளந்த அந்தக் குட்டி யானைகள். ஃபிலிம் ஓரத்தில் ஆலையிலேயே பதிக்கும் எண்களும் எழுத்துகளும் பான் எஃப்பில் மங்கலாக வருவதற்கும் இதே காரணம்தான். அந்த எழுத்துகள் வெளிறிக் கிடந்தால் 'சரியாகக் கழுவவில்லையோ' என்று பதறாதீர்கள். மற்ற ஃபிலிம்களில் அது நல்ல அடையாளம், இதில் நம்ப முடியாது.

டெவலப்பருக்கு ஐடி-11 அல்லது கோடாக் டி-76. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. கடையில் கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். 750 மி.லி. தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு சிட்டிகை சல்ஃபைட் போடுங்கள், அப்புறம் மெட்டால். அது முழுக்கக் கரைந்தபிறகுதான் மிச்ச சல்ஃபைட். வரிசையை மாற்றி சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். பிறகு ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெங்காரம். தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, ஒரு ராத்திரி ஆறவிட வேண்டும். கெமிக்கல் கடையில் எழுத்தை ஊன்றிப் படியுங்கள்: வேண்டியது சல்ஃபைட். சல்ஃபைடு வேறு, சல்ஃபேட் வேறு, ஹைப்போ என்று தரும் தயோசல்ஃபேட் அதுவும் வேறு. ஒரு எழுத்து மாறினால் ரோல் போச்சு. மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும், கையுறை போடுங்கள்.

இன்னொன்று. பழைய டி-76 வீரியம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கலக்கிய சில வாரங்களில் காரத்தன்மை ஏறி, கொஞ்சம் வீரியம் கூடவும் செய்யும். 400 ஃபிலிமில் தெரியாமல் போகலாம். காண்ட்ராஸ்ட் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும் ஃபிலிமில் நன்றாகவே தெரியும். சின்னச் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நேரம்: ஐஎஸ்ஓ 50க்கு 20 டிகிரியில் ஸ்டாக்காகவே, அதாவது தண்ணீர் கலக்காமல், ஊற்றினால் ஆறரை நிமிடம், 1+1 (ஒரு பங்கு ஸ்டாக், ஒரு பங்கு தண்ணீர்) என்றால் எட்டரை, 1+3 என்றால் 15. ஸ்டாக்கில் சல்ஃபைட் நிறைய இருப்பதால் கிரெய்னின் ஓரத்தைக் கரைத்து மழமழப்பாக்கும். தண்ணீர் சேரச்சேர அந்தக் கரைப்பு குறைந்து ஓரங்கள் கூர்மையாகும், கிரெய்ன் இம்மியளவு கூடும். ஐம்பது ஃபிலிமில் கிரெய்ன் இம்மியளவு கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? கூர்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இதே நியாயத்தில் ரோடினால் என்ற டெவலப்பரும் இந்த ஃபிலிமுக்குப் பொருந்தும்: 1+50, 11 நிமிடம். 400 ஃபிலிமில் மணல் அள்ளித் தெளித்தாற்போல் ஆக்கும் அதே ரோடினால் இங்கே சாதுவாக நடந்துகொள்ளும்.

20 டிகிரி என்பதுதான் நமக்குச் சிக்கல். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் முப்பதுக்கு மேலேதான் வரும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து, ஃபிரிட்ஜில் உறையவைத்த பாட்டிலை உள்ளே போட்டு, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் பாத்திரத்தோடு அதில் நிறுத்துங்கள். டெவலப்பருக்குள்ளேயே ஐஸ் கட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கலவை நீர்த்துப்போகும், வேண்டாம். இருபதுக்குக் கொண்டுவர மல்லுக்கட்டுவதைவிட இருபத்துநாலில் நிலையாக வைப்பது எளிது. ஆனால் 24 டிகிரியில் 1+1 ஆறு நிமிடத்துக்கு இறங்கிவிடும், வெயில் ரோலுக்கு இன்னும் குறைத்தால் ஐந்து. ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிகிறதென்றால் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நொடிகளே திட்டுத்திட்டாகப் பதியும். அதனால் வெப்ப ஊர்களுக்கு 1+3தான் என் கட்சி. 24 டிகிரியில் ஏறக்குறைய பத்தரை நிமிடம். மாமல்லபுரம் மாதிரி வெயில் ரோலை, ஐஎஸ்ஓ 32இல் எடுத்திருந்தால், ஒன்பது நிமிடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒன்றரை நிமிடம்தான் யானை முதுகைக் காப்பாற்றும்: நெகட்டிவில் நிழல்பகுதி தன் கருமையை முதல் சில நிமிடங்களிலேயே எட்டிவிடும், வெளிச்சப் பகுதி மட்டும் கடைசிவரை ஏறிக்கொண்டே போகும்.

1+3க்கு ஒரு ரோலுக்கு 100 மி.லி. ஸ்டாக்காவது உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் டெவலப்பர் பாதியில் களைத்துவிடும். 300 மி.லி. ஒற்றை டேங்கில் 75தான் வரும், போதாது. இரண்டு ரீல் பிடிக்கும் 600 மி.லி. டேங்கில் ஒரு ரோல் மட்டும் போட்டு, 150 ஸ்டாக், 450 தண்ணீர். மேலே காலி ரீல் ஒன்றை வைத்து ஃபிலிம் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரீல் நன்கு காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில், கருப்புப் பைக்குள் கை வியர்த்து, பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டால் அழுத்தித் தள்ளாதீர்கள்; பிறை வடிவில் மடிந்து அந்த இடம் நெகட்டிவில் கருப்பு நிலாவாக வரும். ஃபிலிமின் முனையில் இரு மூலையையும் கத்தரியால் லேசாக உருட்டிவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

குலுக்குவது: முதல் பத்து நொடியில் நாலு முறை தலைகீழாகத் திருப்பி, டேங்கின் அடியைத் தட்டிக் குமிழியை விரட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து நொடியில் நாலு முறை. காப்பி ஆற்றுகிற வேகம் வேண்டாம். கூடக் குலுக்கினால் காண்ட்ராஸ்ட் ஏறும், துளைகளை ஒட்டிக் கோடு விழும்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் பத்து நொடி. ரேபிட் ஃபிக்ஸர் 1+4, மூன்று முதல் ஐந்து நிமிடம். ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ரோலின் வால் துண்டை வெட்டி வெளிச்சத்திலேயே அதில் போட்டு, எத்தனை நொடியில் தெளிகிறது என்று எண்ணுங்கள்; அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் போதும். பிறகு தண்ணீர் நிரப்பி ஐந்து முறை திருப்பிக் கொட்டுங்கள், அடுத்து பத்து முறை, அடுத்து இருபது. இந்தத் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டிலேயே இருக்க வேண்டும். 24இலிருந்து நேரே 35 டிகிரிக் குழாய்த் தண்ணீருக்குப் போனால் ஜெலட்டின் ஊதி, இத்தனை பாடுபட்டுத் தவிர்த்த கிரெய்ன் அங்கே வந்து உட்காரும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், லிட்டருக்கு 5 மி.லி. வெட்டிங் ஏஜென்ட் கலந்து. உப்புத் தண்ணீர் ஊர்களில் இதை விட்டால் வானம் முழுக்க வெள்ளைப் படலம் காயும். வாலில் ஒரு கிளிப் மாட்டி, ஃபேன் ஓடாத குளியலறையில் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும் வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். நிழல் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை; கழுவும் நேரத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது, அடுத்த ரோலை 25இல் எடுங்கள். நிழல் நன்றாக இருந்து, வெளிச்சப் பகுதிக்குப் பின்னால் அச்செழுத்தை வைத்தால் தெரியாத அளவு கருத்திருந்தால் டெவலப்பரில் நேரம் அதிகம். அடுத்த முறை பதினைந்து சதவீதம் குறையுங்கள்.

டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நெகட்டிவைப் படமெடுப்பவர்களுக்கு இந்த ஃபிலிமில் கடைசியாக ஒரு கண்ணாமூச்சி உண்டு. 400 ஃபிலிமில் திரையைப் பெரிதாக்கி கிரெய்னைப் பார்த்து ஃபோகஸ் வைப்போம். இதில் பிடித்துக்கொள்ளக் கிரெய்னே அகப்படாது, வழவழவென்று வானம்தான் தெரியும். ஃபிலிம் ஓரத்து எண்ணோ, எமல்ஷன் (படிகப் பூச்சு) பக்கம் இருக்கும் ஒரு கீறலோ, தூசியோ பார்த்து ஃபோகஸ் வையுங்கள். பளபளப்பான பக்கத்துத் தூசியைப் பிடித்துவிடாதீர்கள்; ஃபிலிமின் தடிமன் 0.125 மி.மீ.தான் என்றாலும், அவ்வளவு நெருக்கத்தில் அந்த வித்தியாசமே படத்தை மசமசப்பாக்கிவிடும்.